பிரிட்டன் மக்களின் நீண்ட வரலாறு: வந்தவர்கள் யார், இருந்தவர்கள் யார்?

கேள்வி: அல்சூர் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் எங்கள் வாசகர் வட்டம் மாதந்தோறும் கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் பிரிட்டன் மக்களின் வரலாறு பற்றி ஒரு மணி நேரம் பேசும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நம் பள்ளிப் புத்தகங்களில் அவர்கள் 1600-ஆம் ஆண்டில் கம்பெனியோடு வந்து 1947-இல் கப்பலேறிப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் அவர்கள் யாராக இருந்தார்கள் என்று நாம் படித்ததில்லை. இருநூறு ஆண்டுகள் நம்மை ஆண்டவர்களைப் பற்றி நமக்கு இவ்வளவுதான் தெரியும் என்பது எனக்கு நெடுநாள் குறை.

சென்ற கூட்டத்தில் இரண்டு கருத்துகள் மோதிக்கொண்டன. கெல்ட்டியர், ரோமானியர், ஆங்கிலோ-சாக்சன், வைக்கிங், நார்மன் என்று ஒவ்வொரு அலையும் முந்தைய மக்களை விரட்டிவிட்டு அமர்ந்தது என்றும், ஆகவே அங்கே மண்ணின் மைந்தர் என்று எவரும் இல்லை என்றும் ஒருவர் சொன்னார். அரியணையில் இருந்தவர்கள் மட்டுமே மாறினார்கள், ஏர் பிடித்தவர்கள் தொடக்கம் முதல் அதே மக்கள்தாம் என்று இன்னொருவர் மறுத்தார். இவற்றுள் எது சான்றுகளுக்கு நெருக்கமானது? இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்று நாட்டாரும் எப்போது தம்மை ஒரே மக்களாக எண்ணத் தொடங்கினார்கள்? விவரம் அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: தொல்லியல் ஆர்வலர், ஜெயநகர்

ஐயா, உங்கள் வட்டத்தில் பேசிய இருவருமே ஓரளவு சரி. ஆனால் இருவரும் தொடங்கிய இடம் பிந்தியது. பிரிட்டன் மக்கள்தொகை அடியோடு மாறிய நிகழ்வு கெல்ட்டியர், ரோமானியர் என்ற அந்தப் பட்டியலிலேயே இல்லை. அது எழுத்து அந்தத் தீவை எட்டுவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தையது.

ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை பிரிட்டன் தீவாகவே இருக்கவில்லை. இன்றைய வடகடலின் தென்பகுதி அப்போது தாழ்நிலமாக இருந்தது. வேட்டையாடிகள் நடந்தே போய்வந்தார்கள். பனிக்காலம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது அந்நிலம் மூழ்கியது. அக்காலத்து மனிதர் ஒருவரின் எலும்புக்கூடு சாமர்செட் பகுதியின் செடார் பள்ளத்தாக்குக் குகையில் 1903-இல் கிடைத்தது. அவர் வாழ்ந்து சுமார் 10,000 ஆண்டுகள் ஆகின்றன. 2018-இல் அவருடைய மரபணுவை ஆராய்ந்தவர்கள், அவர் கருத்த தோலும் நீலம் கலந்த கண்களும் உடையவராக இருந்திருக்கக்கூடும் என்று கணித்தார்கள்.

கி.மு. 4000 அளவில் வேளாண்மை தெரிந்த மக்கள் கடல் கடந்து வந்தார்கள். அவர்களின் முன்னோர் இன்றைய துருக்கி நிலப்பகுதியிலிருந்து பல நூற்றாண்டுகளாக மேற்கே பரவியவர்கள். வேட்டையாடிகளின் வழிவந்தோர் அவர்களுக்கிடையே ஏறக்குறைய மறைந்துபோயினர். பெருங்கற்களை வட்டமாக நட்ட ஸ்டோன்ஹெஞ்சை எழுப்பத் தொடங்கியவர்கள் இந்த வேளாண் குடியினர்தாம். அங்குள்ள நீலக்கற்கள், ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில் வேல்ஸ் நாட்டின் பிரெசெலி மலையில் வெட்டப்பட்டவை. அத்தனை தொலைவு கல்லை இழுத்துவரும் அளவுக்கு ஒழுங்கும் ஒற்றுமையும் கொண்ட சமூகம் அது.

அந்தச் சமூகத்தின் வழித்தோன்றல்கள் இன்றைய பிரிட்டனில் மிகக் குறைவு. கி.மு. 2450-க்குப் பிறகு, மணி வடிவ மட்கலங்களைப் பயன்படுத்திய மக்கள் ஐரோப்பாவிலிருந்து வரத் தொடங்கினார்கள். சில நூற்றாண்டுகளுக்குள் தீவின் மரபணுத் தொகையில் 90 விழுக்காட்டுக்குக் குறையாத பகுதி அவர்களுடையதாகிவிட்டது என்று 2018-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அவர்களில் ஒருவரை நாம் நேரிலேயே பார்க்கலாம். ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஏம்ஸ்பரியில், பள்ளிக் கட்டடத்துக்காக நிலம் தோண்டியபோது 2002-இல் ஒரு கல்லறை வெளிப்பட்டது. அதில் செம்புக் கத்திகள், அம்பு முனைகள், பிரிட்டனில் இதுவரை கிடைத்த பொற்பொருள்களில் மிகப் பழையவை எனக் கருதப்படும் இரண்டு சிறு அணிகள் ஆகியவற்றோடு ஒருவர் புதைக்கப்பட்டிருந்தார். பற்களில் படிந்திருந்த வேதிக்கூறுகளைச் சோதித்ததில், அவர் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் வளர்ந்தவர் என்று தெரிந்தது. அவருடைய இடது முழங்கால் மூட்டு சிதைந்திருந்தது. நொண்டியபடியே அவர் கண்டத்தைக் கடந்திருக்கவும் கூடும்.

ஒரு மக்கள் கூட்டம் ஏறக்குறைய முழுவதுமாக மாறிப்போன இந்நிகழ்வுக்கு ஓர் அரசன் பெயரோ போரின் பெயரோ கிடையாது. வந்தவர்கள் கொன்றார்களா, கொள்ளைநோய் முன்னரே ஊர்களை வெறுமையாக்கியிருந்ததா என்பது குறித்து ஆய்வாளர்களிடையே விவாதம் நடக்கிறது. உங்கள் உரையில் கால் பங்கு நேரத்தையாவது இதற்கே கொடுங்கள் என்பது என் வேண்டுகோள்.

கெல்ட்டியர் பற்றி ஒரு குறிப்பு. கி.மு. 1000 முதல் 875 வரையிலான காலத்தில் இன்றைய பிரான்ஸ் பகுதியிலிருந்து மற்றொரு குடியேற்றம் நடந்து, தென் பிரிட்டனின் மரபணுத் தொகையில் ஏறக்குறைய பாதியை மாற்றியது என்று 2021-இல் தெரியவந்தது. கெல்ட்டிய மொழிகள் அவர்களோடு வந்திருக்கலாம் என்ற கருத்து இப்போது வலுப்பெற்றிருக்கிறது.

மறுமொழி: வரலாற்று மாணவி, மல்லேஸ்வரம்

ஜெயநகர் நண்பர் எழுதியதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாற்றை எலும்பையும் பல்லையும் மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. இரத்தம், மொழி, ஆட்சி ஆகிய மூன்றும் பிரிட்டனில் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு வேகத்தில் மாறின. ஒன்று மாறியபோது மற்ற இரண்டும் மாறியே தீர வேண்டும் என்று எண்ணுவதால்தான் உங்கள் வட்டத்தில் அந்தச் சச்சரவு எழுந்தது என்று நினைக்கிறேன்.

ரோமானியர் ஆட்சியையே பாருங்கள். ஜூலியஸ் சீசர் கி.மு. 55-இலும் 54-இலும் படையெடுத்துத் திரும்பிவிட்டார்; கிளாடியஸ் பேரரசரின் படை கி.பி. 43-இல் வந்து தங்கியது. 410 அளவில் ரோமானிய ஆட்சி முடியும்வரை ஏறத்தாழ 370 ஆண்டுகள் தீவின் பெரும்பகுதி ஒரு பேரரசின் மாகாணமாக இருந்தது. சாலைகள், நகரங்கள், 122-இல் தொடங்கிய ஹேட்ரியன் மதில் எல்லாம் அக்காலத்தவை. இருந்தும் உள்நாட்டு மக்களின் மரபணுவில் ரோமானியர் விட்டுச்சென்ற தடம் மிக மெல்லியது. அங்கே இலத்தீனிலிருந்து கிளைத்த மக்கள்மொழி ஒன்றும் நிலைக்கவில்லை. ஆட்சி அடியோடு மாறியும் மக்கள் மாறாத காலம் அது.

அக்காலத்து மனிதர் இருவரைப் பற்றி உங்கள் உரையில் அவசியம் சொல்லுங்கள். மதிலின் கிழக்கு முனைக்கு அருகே சவுத் ஷீல்ட்ஸ் என்ற ஊரில் கிடைத்த இரண்டாம் நூற்றாண்டு நடுகல் ஒன்றில், பிரம்பு நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண்ணின் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. மடியில் நூல் நூற்கும் கழியும் கதிரும், ஒரு பக்கம் நகைப்பெட்டி, மறுபக்கம் கம்பளி உருண்டைகள் நிறைந்த கூடை. முகம் மட்டும் சிதைந்துவிட்டது. அவள் பெயர் ரெஜினா. இன்றைய லண்டனுக்கு வடக்கே வாழ்ந்த கட்டுவெல்லவுனி என்னும் குலத்தைச் சேர்ந்தவள், அடிமையாக இருந்தவள். அவளை விடுவித்து மணந்தவர் சிரியாவின் பல்மைரா நகரத்துக்காரரான பாராட்டிஸ். அவள் முப்பது வயதில் இறந்தபோது அவர் இந்தக் கல்லை நாட்டினார். மேலே இலத்தீன் எழுத்து இலக்கணப் பிழைகளோடு இருக்கிறது. அதன் கீழே அவருடைய தாய்நாட்டு எழுத்தில், பழகிய கையின் அழகோடு, ‘பாராட்டிஸ் விடுவித்த ரெஜினா, ஐயோ’ என்று ஒரே வரி வெட்டப்பட்டிருக்கிறது. சிரியாக்காரர் ஒருவர் பிரிட்டன் பெண்ணுக்காக அழுத அந்த ஒரு வரி, பிரிட்டன் எத்தகைய நாடாக இருந்தது என்பதைப் பல பக்க விளக்கத்தைவிட நன்றாகச் சொல்கிறது.

ஆங்கிலோ-சாக்சன் காலம் இதற்கு நேர்மாறு. நூறாண்டுகளுக்கு முன் எழுதியவர்கள், ஜெர்மானியக் குடிகள் பிரிட்டானியரைக் கொன்றும் வேல்ஸ் மலைகளுக்கு விரட்டியும் நாட்டைப் பிடித்ததாகச் சொன்னார்கள். பின்வந்த தலைமுறை ஆய்வாளர்கள் சில நூறு வீரர்கள் மட்டுமே வந்தார்கள், மக்கள் அவர்களைப் பார்த்து மொழியை மாற்றிக்கொண்டார்கள் என்று மறுத்தார்கள். 2022-இல் வந்த மரபணு ஆய்வு இரண்டையும் திருத்தியது. கிழக்கு, தெற்கு இங்கிலாந்தின் அக்காலக் கல்லறைகளில் உள்ளவர்களின் மூதாதையரில் சராசரியாக 76 விழுக்காட்டினர் இன்றைய ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் கடற்கரையைச் சேர்ந்தவர்கள். பெண்களும் குழந்தைகளுமாகக் குடும்பம் குடும்பமாக, பல தலைமுறைகள் தொடர்ந்து வந்திருக்கிறார்கள். ஆனால் உள்ளூரார் மறைந்துவிடவில்லை. ஒரே இடுகாட்டில் இரு வழியினரும் அடுத்தடுத்துப் புதைக்கப்பட்டார்கள், மணந்துகொண்டார்கள். இன்றைய இங்கிலாந்து மக்களிடம் அந்த வடகடற்கரை மரபு 25 முதல் 47 விழுக்காடு வரைதான் இருக்கிறது. எனவே இங்கே இரத்தம் பாதியளவு மாறியது, மொழி முற்றிலும் மாறியது.

ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் 793-இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடினர்; 865-இல் பெரும்படையோடு வந்தவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் குடியமர்ந்து உழவர்களானார்கள். டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி போன்ற ஊர்ப்பெயர்கள் அவர்கள் இட்டவை. வெஸ்செக்ஸ் அரசர் ஆல்ஃபிரட் 878-இல் எடிங்டனில் அவர்களைத் தடுத்து நிறுத்தினார். அவருடைய பேரன் ஏதெல்ஸ்டன் 927-இல் ஆங்கிலேயர் அனைவருக்கும் அரசரானார்.

நம்மவர்களுக்கு ஆர்வமூட்டும் ஒரு செய்தியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆல்ஃபிரட் 883-இல் புனித தோமாவுக்குக் காணிக்கை செலுத்த சிகெல்ம் என்பவரையும் இன்னொருவரையும் இந்தியாவுக்கு அனுப்பியதாக ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. சில சுவடிகளில் யூதேயா என்றும் இருப்பதால் இதை உறுதியான வரலாறாகச் சொல்லிவிடாதீர்கள்.

1066-ஐ எல்லோரும் அறிவார்கள். அந்த அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸில் நார்மண்டி வில்லியம் வென்றபின் நடந்தது முழு ஆட்சிக் கைமாற்றம். இருபது ஆண்டுகள் கழித்து எடுத்த டூம்ஸ்டே நிலக்கணக்கில், அரசரிடம் நேரடியாகப் பெருநிலம் பெற்றிருந்த ஆங்கிலேயர் விரல்விட்டு எண்ணும் அளவே மிஞ்சினர். மேட்டுக்குடியின் மொழி பிரெஞ்சானது. நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் வருவதற்கு 1362 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆனால் ஊர் மக்கள் மாறவே இல்லை. பாடப்புத்தகங்கள் எந்த ஆண்டை மிகப் பெரிதாக எழுதுகின்றனவோ, அதே ஆண்டு மக்களின் மரபில் மிகச் சிறிய மாற்றத்தையே உண்டாக்கியது.

அல்சூர் வாசகர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. என் முதல் கேள்விக்கு இவ்வளவு தெளிவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த நடுகல்லின் படத்தைக் கூட்டத்தில் காட்டப் போகிறேன். என் இரண்டாவது கேள்வி இன்னும் நிற்கிறது. பாராட்டிஸ் காலத்திலும் ஏதெல்ஸ்டன் காலத்திலும் பிரிட்டன் முழுமைக்கும் ஒரே மக்கள் என்ற எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லையே. அது எப்போது வந்தது? நம் ஊரில் ஆண்டவர்கள் அந்த எண்ணத்தோடு வந்தவர்களா?

மறுமொழி: ஃப்ரேசர் டவுன் குடியிருப்பாளர்

ஐயா, உங்கள் இரண்டாவது கேள்விக்கான சான்றுகள் நம் ஊரைச் சுற்றியே இருக்கின்றன.

வேல்ஸ் 1283-இல் முதலாம் எட்வர்டின் படையிடம் வீழ்ந்து, 1536, 1543 சட்டங்களால் இங்கிலாந்தோடு இணைக்கப்பட்டது. ஸ்காட்லாந்து 1314-இல் பனாக்பர்னில் வென்று தன் அரசைக் காத்துக்கொண்டது. எலிசபெத் அரசி 1603-இல் வாரிசின்றி இறந்தபோது ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரானார். பிரிட்டன் முழுமைக்கும் அரசர் என்ற பட்டத்தை அவர் விரும்பிச் சூட்டிக்கொண்டபோதும் இரு நாடாளுமன்றங்களும் இணையவில்லை. நடு அமெரிக்காவின் டேரியனில் குடியேற்றம் அமைக்கப்போய் ஸ்காட்லாந்து பெரும் பொருளை இழந்த பின்னர்தான், 1707 மே 1 அன்று ஒன்றிணைப்பு நடந்தது. அதற்கு ஈடாக இங்கிலாந்து 3,98,085 பவுண்டு கொடுத்தது. ஸ்காட்லாந்து தன் சட்டத்தையும் திருச்சபையையும் பள்ளிகளையும் விட்டுக்கொடுக்கவில்லை.

சட்டம் ஒரே நாளில் நாட்டை இணைத்துவிட்டது; மனங்கள் இணைய மூன்று தலைமுறைகள் ஆயின. 1746 ஏப்ரலில் கல்லோடனில் அரசுப் படை ஸ்காட்லாந்து மலைநாட்டுக் கிளர்ச்சியாளர்களைக் கொன்று குவித்தது. அவர்களுடைய மலைநாட்டு உடை கூடத் தடைசெய்யப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 1799 மே 4 அன்று, நம் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையைத் தாக்கியவர்களுள் அதே மலைநாட்டின் பெயரால் திரட்டப்பட்ட 73, 74-ஆம் படைப்பிரிவினர் இருந்தார்கள். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய டேவிட் பெயர்ட் ஸ்காட்லாந்துக்காரர். கோட்டை விழுந்தபின் பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லெஸ்லி டப்ளினில் பிறந்தவர். மைசூர் நாட்டை அளந்து, நம் கல்வெட்டுகளையும் சுவடிகளையும் திரட்டிய காலின் மெக்கன்சி, கேலிக் மொழி பேசப்பட்ட லூயிஸ் தீவின் ஸ்டோர்னவேயிலிருந்து வந்தவர். ரயத்துவாரி முறையை நிலைநாட்டிய தாமஸ் மன்றோ கிளாஸ்கோக்காரர்.

இத்தனைக்கும் மேலாக ஒருவர் இருக்கிறார். 1834 முதல் 1861 வரை மைசூரின் ஆணையராக இருந்து, பூங்காவுக்கும் சாலைக்கும் தம் பெயரைத் தந்த மார்க் கப்பன், மேன் தீவில் பிறந்தவர். அது 1266 வரை நார்வே அரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த, தனக்கெனக் கெல்ட்டிய மொழியும் நாடாளுமன்றமும் கொண்ட தீவு. இன்றுவரை அது ஐக்கிய இராச்சியத்தின் பகுதியும் அல்ல. அத்தீவினர் ஒருவர் பிரிட்டன் ஆட்சியாளராக நம் ஊரை 27 ஆண்டுகள் ஆண்டார். நம் தாத்தாக்களின் முன்னோர் சிப்பாய்களாகவும் சமையற்காரர்களாகவும் கண்டோன்மென்டுக்கு வந்து சேர்ந்தபோது பார்த்த துரைமார்கள் இப்படிப் பல நாட்டார்.

இதிலிருந்து நான் காண்பது இதுதான்: பிரிட்டானியர் என்ற உணர்வு, பிரான்சோடு நூறாண்டுக்கு மேல் நடந்த போர்கள், பொதுவான சீர்திருத்தக் கிறிஸ்தவம், பேரரசின் வேலைவாய்ப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கியது. முதலிரண்டையும் வரலாற்றாசிரியர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். மூன்றாவதை நாம்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். தம் ஊரில் ஸ்காட்லாந்துக்காரராகவோ வேல்ஸ்காரராகவோ இருந்தவர்கள், சென்னையிலும் பெங்களூரிலும் உணவு மேசையில் ஒன்றாக அமர்ந்தபோதுதான் முழுமையாக பிரிட்டானியர் ஆனார்கள். அந்த மேசைக்கான செலவு நம் நிலவரியிலிருந்து போனது என்பதையும் உங்கள் உரையில் சொல்லாமல் விடாதீர்கள்.

கத்தோலிக்க அயர்லாந்து இந்த உணர்வுக்குள் ஒருபோதும் முழுமையாக வரவில்லை. 1801-இல் இணைக்கப்பட்டு, 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேரை இழந்து, 1922-இல் அதன் பெரும்பகுதி பிரிந்துபோனது.

மறுமொழி: ஒயிட்ஃபீல்டு வாசி

ஃப்ரேசர் டவுன் நண்பர் எழுதியதன் தொடர்ச்சியாகக் கடைசி இருநூறு ஆண்டுகளைச் சொல்கிறேன்.

1801-இல் எடுத்த முதல் கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றிலும் சேர்த்து ஒரு கோடிக்குச் சற்று அதிகமானோர் இருந்தார்கள். 1901-இல் அது 3 கோடியே 70 லட்சமாக இருந்தது. 1851-இலேயே இங்கிலாந்தில் நகரத்தார் தொகை கிராமத்தாரை எட்டிவிட்டது. ஓர் உழவர் நாடு இரண்டு மூன்று தலைமுறைகளில் ஆலைத்தொழிலாளர் நாடாக ஆனது, எனக்கு நார்மன் வெற்றியைவிடப் பெரிய மாற்றமாகத் தோன்றுகிறது. அந்த ஆலைகளுக்கு ஆள் கொடுத்தது அயர்லாந்து: அதே 1851-இல் பிரிட்டனில் வாழ்ந்த அயர்லாந்துப் பிறப்பினர் ஏழு லட்சத்துக்கும் அதிகம்.

வந்தவர்களின் வரிசையை ஒரே கட்டடத்தில் காண வேண்டுமானால் லண்டன் பிரிக் லேனில் உள்ள ஒரு தொழுகைக் கூடத்தைப் பாருங்கள். பிரான்சிலிருந்து மதக்கொடுமைக்குத் தப்பி வந்த ஹியூகெனாட் நெசவாளர்கள் 1743-இல் அதைத் தேவாலயமாகக் கட்டினார்கள். பின்னர் அது மெதடிஸ்ட் சபையாரிடம் இருந்தது. 1898-இல் ரஷ்யப் பேரரசிலிருந்து தப்பி வந்த யூதர்களின் ஜெபக்கூடமாயிற்று. 1976 முதல் வங்காளதேசத்து மக்களின் பள்ளிவாசலாக இருக்கிறது. சுவர் மாறவில்லை, கூரை மாறவில்லை.

வந்தவர்களை மக்களாக ஏற்பதா என்ற கேள்விக்கு அந்நாட்டுச் சட்டமே பலமுறை மாறி மாறிப் பதில் சொன்னது. யூதர் வருகையை எதிர்த்து 1905-இல் அயலார் சட்டம் வந்தது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ, பேரரசின் குடிகளாக இருந்த நம்மைப் போன்றோரும் பிரிட்டனில் போய்த் தங்கலாம் என்ற உரிமையை உறுதிசெய்தது. அதே ஆண்டு ஜூனில்தான் ‘விண்ட்ரஷ்’ கப்பல் கரீபியத் தீவினரோடு டில்பரி துறைக்கு வந்தது. பிறகு 1962-இல் அக்கதவு ஒருக்களிக்கப்பட்டது. 1968-இல், கென்யாவிலிருந்த இந்திய வம்சாவளியினர் பிரிட்டன் பாஸ்போர்ட் வைத்திருந்தும் உள்ளே வர முடியாதபடி ஒரு சட்டம் அவசர அவசரமாக நிறைவேறியது. பெற்றோரில் ஒருவரோ பாட்டன் பாட்டியரில் ஒருவரோ பிரிட்டனோடு பிறப்பாலோ குடியுரிமைப் பதிவாலோ இணைந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

எங்கள் ஒயிட்ஃபீல்டு, மைசூர் மன்னர் சாமராஜேந்திர உடையார் தந்த நிலத்தில் 1882-இல் ஆங்கிலோ-இந்தியருக்காக அமைந்த குடியிருப்பு. தந்தைவழியில் பிரிட்டன் இரத்தமும், தாய்வழியில் பெரும்பாலும் தமிழ், தெலுங்கு, கன்னட இரத்தமும் கொண்ட அவர்களில் பலர் 1947-க்குப் பின் அங்கே போக விரும்பினர். பிரிட்டன் அதிகாரிகள் கேட்டது தந்தைவழிப் பாட்டனின் பிறப்புச் சான்று. கோலார் சுரங்கத்திலும் ரயில்வேயிலும் நான்கு தலைமுறை உழைத்த குடும்பங்கள், பழைய தேவாலயப் பதிவேடுகளில் ஒரு பெயரைத் தேடி அலைந்தன. பெயர் கிடைத்தவர்கள் பிரிட்டானியர் ஆனார்கள், கிடைக்காதவர்களில் பலர் ஆஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ போனார்கள்.

மல்லேஸ்வரம் சகோதரி சொன்ன இரத்தம், மொழி, ஆட்சி ஆகிய மூன்றோடு இந்தப் பதிவேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1983 ஜனவரி 1 முதல் பிரிட்டன் மண்ணில் பிறப்பதே அந்நாட்டவராவதற்குப் போதாது என்று சட்டம் ஆகிவிட்டது. அதற்கிடையிலும் 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆறில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். அவர்களுள் மிகப் பெரிய தொகையினர், ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர், இந்தியாவில் பிறந்தவர்கள். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து தப்பிச் சென்ற நம் தமிழ் மக்களின் பேரக்குழந்தைகள் இன்று லண்டன் பள்ளிகளில் ஹேஸ்டிங்ஸ் போரைத் தம் நாட்டு வரலாறாகப் படிக்கிறார்கள்.